அமெரிக்கப் பள்ளி மாவட்டத்தின் கல்வியாண்டு காலண்டரைத் திட்டமிடுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவில் ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் உள்ளூர் அமைப்புக்குப் பள்ளி மாவட்டம் என்று பெயர்; அப்படிச் சுமார் 13,000 மாவட்டங்கள் இருக்கின்றன. பள்ளி எந்த நாளில் திறக்கும், எப்போது மூடும், நடுவில் எந்த நாட்கள் விடுமுறை என்பதை வாஷிங்டன் முடிவு செய்வதில்லை. குறைந்தபட்சம் எவ்வளவு நேரம் பாடம் நடக்க வேண்டும் என்று மாநிலம் சட்டம் போடும். மீதியை மாவட்டத்தை நிர்வகிக்கும் உள்ளூர் ஸ்கூல் போர்டு ஓட்டுப் போட்டு முடிவு செய்யும். அந்த ஓட்டுக்கு முன்னால் வரைவு தயாரிக்கும் காலண்டர் கமிட்டியில் ஆசிரியர்கள், அலுவலர்களோடு பெற்றோர்களும் உட்காருவார்கள். டல்லாஸ், ஹூஸ்டன், நியூஜெர்சி பக்கம் இருக்கும் தமிழ்ப் பெற்றோர்களுக்கும் அந்த அழைப்பு வரும். வந்தால் தட்டிக் கழிக்காதீர்கள்.

பெரும்பாலான கமிட்டிகள் முதல் கூட்டத்திலேயே விடுமுறைகளைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடும். அது தலைகீழான முறை. முதலில் நிமிடங்களை எண்ண வேண்டும். அப்புறம் நகர்த்த முடியாத தேதிகளைக் குறிக்க வேண்டும். அதன் பிறகு கையில் மிஞ்சும் நாட்கள் எத்தனை என்று தெரியும். கமிட்டிக்கு உண்மையான அதிகாரம் இருப்பது அந்தச் சில நாட்களின் மேல்தான்.

இந்த வழிகாட்டியில் டெக்சஸ் மாநிலச் சட்டத்தை வைத்து, 2027-28 கல்வியாண்டுக்கு ஒரு மாதிரி காலண்டரைப் போட்டுப் பார்க்கலாம். மற்ற மாநிலங்களில் எண்கள் மாறும், வேலை செய்யும் முறை பெரிதாக மாறாது.

எப்போது தொடங்குவது

ஆகஸ்டில் திறக்கும் பள்ளிக்கு, அதற்கு முந்தைய ஆண்டு செப்டம்பரிலேயே கமிட்டி கூட வேண்டும். டிசம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் போர்டு ஒப்புதல் கிடைத்துவிட்டால் ஆசிரியர் ஒப்பந்தம், பேருந்து, சமையலறை என எல்லோருக்கும் மூச்சுவிட நேரம் கிடைக்கும். இரண்டு ஆண்டுகளுக்குச் சேர்த்தே ஒப்புதல் வாங்குவது இன்னும் நல்லது. இந்தியாவுக்கு விமான டிக்கெட் எடுக்கும் குடும்பங்களுக்கு அதன் அருமை தெரியும்.

முதல் படி: நிமிடக் கணக்கு

நியூயார்க், நியூஜெர்சி போன்ற மாநிலங்களில் கணக்கு நாளில் இருக்கிறது: 180 நாள். டெக்சஸ் 2015-ல் சட்டத்தை மாற்றி நாளிலிருந்து நிமிடத்துக்குப் போனது. ஆண்டுக்கு 75,600 நிமிடம். பழைய 180 நாளை நாளுக்கு 420 நிமிடம் என்று பெருக்கிய எண்தான் இது. மதிய உணவு இடைவேளையும் விளையாட்டு நேரமும் இதில் அடங்கும்.

உங்கள் மாவட்டத்தில் பள்ளி காலை 8 மணி முதல் மதியம் 3.30 வரை நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது 450 நிமிடம். 75,600-ஐ 450-ஆல் வகுத்தால் 168 நாள். மோசமான வானிலைக்கென்று இரண்டு பழைய நாட்களுக்குச் சமமான 840 நிமிடத்தைக் கூடுதலாக வைத்துக்கொண்டால் 76,440 நிமிடம். ஆக, 170 நாள் தேவை.

நாளுக்குப் பத்து நிமிடம் கூட்டினால் 167 நாளிலேயே முடிந்துவிடும். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் ஒரே பேருந்து முதலில் உயர்நிலைப் பள்ளிக்கும் அடுத்து தொடக்கப் பள்ளிக்கும் ஓடும் மாவட்டங்களில் அந்தப் பத்து நிமிடம் ஒவ்வொரு ஓட்டத்தையும் தள்ளிக்கொண்டே போகும். கடைசிப் பிள்ளை வீடு சேரும்போது இருட்டிவிடும்.

நிமிடக் கணக்கு வந்த பிறகு டெக்சஸின் கிராமப்புற மாவட்டங்கள் பலவும் வாரம் நான்கு நாள் பள்ளிக்கு மாறின. ஆசிரியர் கிடைக்காத ஊர்களில் ஆட்களை ஈர்க்க அது உதவுகிறது என்பது அவர்கள் வாதம். பள்ளியில்தான் காலை உணவும் மதிய உணவும் கிடைக்கும் பிள்ளைகள் அதிகம் உள்ள மாவட்டத்தில், ஐந்தாவது நாளுக்கு உணவு ஏற்பாடு எழுத்தில் இல்லாமல் இந்த முடிவை எடுப்பது தவறு என்றே நான் நினைக்கிறேன்.

இரண்டாம் படி: நகர்த்த முடியாத தேதிகள்

ஒரு வெற்றுக் காலண்டரை எடுத்து, உங்கள் கையில் இல்லாத தேதிகளை முதலில் குறியுங்கள். 2027-28-க்கு அவை: செப்டம்பர் 6 லேபர் டே, நவம்பர் 25 தேங்க்ஸ்கிவ்விங், ஜனவரி 17 மார்ட்டின் லூதர் கிங் நாள், பிப்ரவரி 21 பிரெசிடெண்ட்ஸ் டே, மே 29 மெமோரியல் டே.

அடுத்து தேர்வுகள். உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் கல்லூரி நிலைப் பாடங்களில் எழுதும் ஏபி தேர்வுகள் மே மாதத்தின் முதல் இரண்டு வாரங்களில் நாடு முழுவதும் ஒரே தேதியில் நடக்கும். அந்தத் தேதியை அத்தேர்வுகளை நடத்தும் காலேஜ் போர்டு என்ற அமைப்பு வைக்கிறது, உங்கள் மாவட்டம் எப்போது திறந்தது என்று அது பார்ப்பதில்லை. ஆகஸ்ட் நடுவில் திறக்கும் பள்ளிக்கும் செப்டம்பரில் திறக்கும் பள்ளிக்கும் ஏபி வகுப்பில் மூன்று வாரம் வித்தியாசம் வந்துவிடுகிறது. மாநிலம் நடத்தும் தேர்வுகளின் காலவரம்பை மாநிலக் கல்வித் துறை தீர்மானிக்கும். நியூயார்க்கில் இதே இடத்தில் ரீஜெண்ட்ஸ் என்ற மாநிலத் தேர்வு நிற்கிறது, ஜூன் கடைசி வரை பள்ளியை இழுப்பதில் அதற்கும் பங்கு உண்டு.

தேர்தல் நாட்களை மறக்கக்கூடாது. பள்ளி வளாகம் வாக்குச்சாவடியாக இருந்தால், அறிமுகமில்லாத ஆட்கள் நாள் முழுக்க உள்ளே வந்து போவார்கள். 2027 நவம்பர் 2-ம், டெக்சஸில் கட்சிகளின் முதல்நிலைத் தேர்தல் நடக்கும் 2028 மார்ச் 7-ம் பிள்ளைகள் இல்லாத நாட்களாக இருப்பது நல்லது.

மூன்றாம் படி: தொடக்கமும் முடிவும்

டெக்சஸ் சட்டப்படி ஆகஸ்டின் நான்காவது திங்கட்கிழமைக்கு முன் பள்ளி திறக்கக்கூடாது. 2027-ல் அது ஆகஸ்ட் 23. ஆனால் 2015-ல் வந்த இன்னொரு சட்டத்தின் கீழ் ‘டிஸ்ட்ரிக்ட் ஆஃப் இன்னொவேஷன்’ என்ற தகுதியைப் பெற்ற மாவட்டங்கள் இந்த விதியிலிருந்து விலக்கு எடுத்துக்கொள்ளலாம். பலரும் எடுத்திருக்கிறார்கள். உங்கள் மாவட்டம் எடுத்திருக்கிறதா, அது எந்த ஆண்டு காலாவதியாகிறது என்பதை முதல் கூட்டத்திலேயே கேளுங்கள்.

கோடை விடுமுறை விவசாய வேலைக்காக வந்தது என்று கமிட்டியில் யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார். அது அப்படியில்லை. விதைப்பும் அறுவடையும் வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் நடப்பவை, பழைய கிராமப் பள்ளிகள் அப்போதுதான் மூடின. கோடையிலும் குளிர்காலத்திலும் அங்கே பாடம் நடந்தது. நகரப் பள்ளிகள் ஏறக்குறைய ஆண்டு முழுக்க ஓடின. நகரத்து வெப்பம், வசதியானவர்கள் கோடையில் ஊரைவிட்டுப் போகும் பழக்கம், இரண்டு வகைப் பள்ளிகளையும் ஒரே ஒழுங்குக்குள் கொண்டுவரும் முயற்சி ஆகியவை சேர்ந்துதான் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இன்றைய நீண்ட விடுமுறையை உருவாக்கின.

திறப்பு நாளுக்குப் பின்னால் சுற்றுலாத் தொழிலும் உண்டு. வர்ஜீனியாவில் லேபர் டேவுக்கு முன் பள்ளி திறக்கக்கூடாது என்ற 1986-ம் ஆண்டுச் சட்டத்தை ஒரு கேளிக்கைப் பூங்காவின் பெயரால் ‘கிங்ஸ் டொமினியன் சட்டம்’ என்றே மக்கள் அழைத்தார்கள். 2019-ல்தான் அது தளர்ந்தது. மிச்சிகனிலும் இதே காரணத்துக்காக ஒரு சட்டம் இருக்கிறது.

வெப்பத்தையும் பாருங்கள். பிலடெல்பியா 2018-ல் ஆகஸ்ட் 27 அன்று திறந்தது. குளிர்சாதன வசதி இல்லாத பழைய கட்டடங்கள் நிறைய இருந்ததால் முதல் வாரத்திலேயே பிள்ளைகளைச் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்ப நேர்ந்தது. சீக்கிரம் திறந்து சம்பாதித்த பாட நேரம் அங்கேயே கரைந்தது. டெக்சஸில் கட்டடங்களில் ஏசி இருக்கும். பேருந்துகளிலும் இருக்கிறதா என்று தனியாகக் கேட்க வேண்டும்.

சரி, நம் மாதிரிக்கு விலக்கு உண்டு என்று வைத்து 2027 ஆகஸ்ட் 11 புதன்கிழமை திறப்போம். புதன்கிழமை திறப்பு சின்னப் பிள்ளைகளுக்கு நல்லது, மூன்றே நாளில் வார இறுதி வந்துவிடும். முதல் செமஸ்டர் கிறிஸ்துமஸுக்கு முன் முடிய வேண்டும் என்று எல்லா உயர்நிலைப் பள்ளிகளும் கேட்கும், விடுமுறை கழித்து வந்து தேர்வு எழுதுவது யாருக்கும் உவப்பில்லை. அது டிசம்பர் 17. லேபர் டே, கொலம்பஸ் தினமான அக்டோபர் 11, தேர்தல் நாளான நவம்பர் 2, தேங்க்ஸ்கிவ்விங் வாரம் முழுவதும் கழித்தால் முதல் செமஸ்டருக்கு 85 நாள் கிடைக்கிறது.

ஜனவரி 4-ல் பிள்ளைகள் திரும்பி, மார்ச் 13 முதல் 17 வரை ஸ்பிரிங் பிரேக், ஏப்ரல் 14 விடுமுறை, மே 25-ல் முடிவு என்றால் இரண்டாம் செமஸ்டருக்கு 95 நாள். மொத்தம் 180. நமக்குத் தேவை 170.

ஆக, உங்கள் கையில் இருப்பது பத்து நாள்.

நான்காம் படி: அந்தப் பத்து நாள்

இங்கேதான் நிதானமாக உட்கார வேண்டும்.

முதலில் செமஸ்டர் சமநிலை. 85-க்கும் 95-க்கும் உள்ள இடைவெளி சிறியதல்ல. டெக்சஸில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் அரசியலை ஒரு செமஸ்டரும் பொருளாதாரத்தை ஒரு செமஸ்டரும் படிப்பது வழக்கம். ஒரே ஆசிரியர் ஒரே பாடத்தை இரண்டாம் செமஸ்டரில் இரண்டு வாரம் கூடுதலாக நடத்துவார் என்றால் அது நியாயமில்லை. எனவே பத்தில் இரண்டை மட்டும் முதல் செமஸ்டரிலிருந்து எடுத்து, எட்டை இரண்டாம் செமஸ்டரிலிருந்து எடுக்கலாம்: 83, 87.

முதல் செமஸ்டரில் அக்டோபர் 12, அக்டோபர் 29. இரண்டாம் செமஸ்டரில் ஜனவரி 4, பிப்ரவரி 18, மார்ச் 7, ஏப்ரல் 17. அத்துடன் பள்ளியை மே 25-க்குப் பதிலாக மே 19 வெள்ளிக்கிழமை முடித்தால் இன்னும் நான்கு நாள். மே 15-க்கு முன் ஆண்டை முடிக்கக்கூடாது என்ற டெக்சஸ் விதிக்கும் இது பொருந்துகிறது.

இப்போது ஆசிரியர் பக்கம். டெக்சஸில் ஆசிரியரின் பத்து மாத ஒப்பந்தம் குறைந்தது 187 நாள். பிள்ளைகளுக்கு 170 என்றால் 17 நாள் பயிற்சிக்கும் தயாரிப்புக்கும். ஆகஸ்ட் 2 முதல் 10 வரை ஏழு நாள். அக்டோபர் 11, 12, 29, நவம்பர் 2, ஜனவரி 3, 4, பிப்ரவரி 18, மார்ச் 7, ஏப்ரல் 17 என ஒன்பது. பிள்ளைகள் போன பிறகு மே 22. மொத்தம் 17, கணக்கு நேராகிவிட்டது. ஆகஸ்டின் ஏழு நாளையும் கூட்டங்களுக்கே செலவழிக்கும் மாவட்டங்கள் உண்டு. வகுப்பறையைத் தயார் செய்ய ஆசிரியருக்குக் குறைந்தது இரண்டு முழு நாள் தனியாக வேண்டும், அதைக் காலண்டரிலேயே எழுதி வைத்துவிடுங்கள்.

இந்த உதிரி நாட்களைச் சிதறவிடலாமா, சேர்த்துவைக்கலாமா? மாதத்துக்கு ஒரு திங்கட்கிழமை என்று போட்டால் ஆசிரியர் பயிற்சிக்கு நல்லது, படித்ததை வகுப்பில் செய்து பார்த்துத் திரும்ப வரலாம். ஆனால் ஓட்டலிலும் கிடங்கிலும் மணிக்கூலிக்கு வேலை செய்யும் தாய்க்கு ஒவ்வொரு உதிரித் திங்களும் ஒரு நாள் சம்பளம். அன்றைக்குப் பிள்ளையை யாரிடம் விடுவது? வீட்டிலிருந்து வேலை செய்யும் நம்மில் பலருக்கு இது பிரச்சினையாகவே தெரியாது. கமிட்டியில் உட்காருபவர்களும் பெரும்பாலும் நம்மைப் போன்றவர்களே. நான் பழைய விடுமுறையோடு ஒட்டிவைக்கும் பக்கம்தான் நிற்பேன்: பிப்ரவரி 18 வெள்ளி, 21 திங்கள் என்று சேர்ந்தால் நான்கு நாள், உள்ளூர் சமூக மையமோ சிறுவர் மன்றமோ அதற்கென்று ஒரு முகாம் நடத்த முடியும். ஒற்றை நாளுக்கு யாரும் முகாம் நடத்தமாட்டார்கள்.

தேங்க்ஸ்கிவ்விங் வாரம் முழுவதையும் ஏன் விட வேண்டும் என்ற கேள்வி வரும். டெக்சஸ் மாவட்டங்களுக்குப் பணம் வருவது சராசரி வருகையை வைத்து. 10,000 பிள்ளைகள் உள்ள மாவட்டத்தில் ஒரே ஒரு நாள் வருகை 15 சதவீதப் புள்ளி குறைந்தால் 1,500 பேர் இல்லை. 170 நாளால் வகுத்தால் சராசரியில் கிட்டத்தட்ட ஒன்பது பிள்ளைகள் குறைகிறார்கள். 2019-ல் நிர்ணயிக்கப்பட்ட அடிப்படைத் தொகையான 6,160 டாலரை வைத்துப் பார்த்தால்கூட அந்த ஒரு நாளின் இழப்பு சுமார் 54,000 டாலர். தேங்க்ஸ்கிவ்விங்குக்கு முந்தைய திங்கள், செவ்வாய்க்கு இந்த ஆபத்து உண்டு. எனவே உங்கள் மாவட்டத்தின் கடந்த மூன்று ஆண்டு தினசரி வருகைப் பட்டியலை வாங்கி, மிகக் குறைந்த பத்து நாட்களை வட்டமிடுங்கள். ஆசிரியர்கள் லீவு போட்ட எண்ணிக்கையையும் பக்கத்தில் எழுதுங்கள். சப்ஸ்டிடியூட் ஆசிரியர் கிடைக்காமல் இரண்டு வகுப்பை ஒரே அறையில் உட்கார வைத்த நாட்களும் அங்கே தெரியும். காலண்டர் கமிட்டிக்கு இதைவிடப் பயனுள்ள தாள் வேறு எதுவும் இல்லை.

ஐந்தாம் படி: பண்டிகைகள்

அரசுப் பள்ளி மத அடிப்படையில் விடுமுறை விட முடியாது, அரசியல் சட்டம் இடம் தராது. பிள்ளைகளும் ஆசிரியர்களும் பெருமளவில் வராததால் பள்ளியை நடத்த முடியவில்லை என்ற உலகியல் காரணம் வேண்டும். குட் ஃபிரைடேயை விடுமுறையாக்கிய இல்லினாய் சட்டத்தை 1995-ல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் செல்லாது என்றது. மேரிலாந்தின் அதே மாதிரியான சட்டத்தை 1999-ல் இன்னொரு மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது, அங்கே வருகைக் குறைவு காரணமாகக் காட்டப்பட்டது. எனவே தீபாவளிக்கு விடுமுறை கேட்கப் போகிறீர்கள் என்றால், “எங்கள் பெரிய பண்டிகை” என்பதோடு நிறுத்தாதீர்கள். அன்றைக்கு எத்தனை பிள்ளைகள் வரவில்லை என்ற எண்ணோடு போங்கள். அதற்கு முதலில் பெற்றோர் உண்மையான காரணத்தைச் சொல்லிப் பிள்ளைக்கு லீவு போட வேண்டும். ‘காய்ச்சல்’ என்று எழுதிக் கொடுத்தால் அந்த எண் எங்கும் பதிவாகாது.

மேரிலாந்தின் மாண்ட்கமரி கவுண்டியில் ஈத் பண்டிகைக்கும் மற்ற பண்டிகைகளுக்கு உள்ள அதே இடம் வேண்டும் என்று முஸ்லிம் குடும்பங்கள் கேட்டபோது, 2014-ல் போர்டு எல்லா மதப் பண்டிகைகளின் பெயரையும் காலண்டரிலிருந்து எடுத்துவிட்டது. விடுமுறைகள் இருந்தன, பெயர்கள் இல்லை. கேட்டவர்கள் கேட்டது அதுவல்ல. நியூயார்க் நகரம் வேறு வழியில் போனது: 2015-16 முதல் இரண்டு ஈத் பண்டிகைகள், 2023 நவம்பரில் மாநில ஆளுநர் கேத்தி ஹோகல் கையெழுத்திட்ட சட்டத்தால் தீபாவளி. முதல் விடுமுறை 2024 நவம்பர் 1-ல் வந்தது. தமிழ்க் குடும்பங்களுக்கு அந்த ஆண்டு தீபாவளி அக்டோபர் 31, அதாவது ஒரு நாள் முன்னால். இந்த வித்தியாசத்தைக் கமிட்டியில் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது. ஒரே நாளைத்தான் கேட்க முடியும் என்பதை நம்மவர்களிடமும் சொல்ல வேண்டும்.

ஒவ்வொரு ஆண்டும் கிழமையைப் பாருங்கள். 2026-ல் தீபாவளி நவம்பர் 8, ஞாயிறு. விடுமுறையே தேவையில்லை. 2027-ல் அக்டோபர் 29, வெள்ளி. நம் மாதிரியில் அதைப் பிள்ளைகள் வராத நாளாக வைத்தது அதனால்தான். அக்டோபர் 11 கொலம்பஸ் தினத்திலேயே யூதர்களின் யோம் கிப்பூரும் வருகிறது. இந்த இரண்டு நாளிலும் ஆசிரியர்களைப் பயிற்சிக்கு வரச் சொன்னால், யூத ஆசிரியரும் இந்து ஆசிரியரும் சொந்த லீவைச் செலவழிக்க வேண்டும். அவர்களுக்கும் விடுமுறையாக்கிவிட்டு மே 23, 24-ஐப் பணிநாளாகச் சேர்ப்பது நியாயம். 2028-ல் பக்ரீத் மே 5 வாக்கில் வருகிறது, ஏபி தேர்வுகளின் நடுவே. தேர்வுத் தேதியை மாற்ற முடியாது, மாற்றுத் தேதியில் எழுத முடியும் என்று அந்தக் குடும்பங்களுக்கு முன்கூட்டியே தெரிவிக்கலாம்.

பொங்கலுக்குத் தனி விடுமுறை கேட்பது கடினம். ஆனால் மார்ட்டின் லூதர் கிங் நாள் ஜனவரி 15-க்கும் 21-க்கும் இடையில் வருவதால் சில ஆண்டுகளில் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். 2024-ல் ஒரே நாளாகவே வந்தது.

விடுமுறை கிடைக்காத பண்டிகைகளுக்கு ஒரு எளிய விதி போதும்: அன்று புதிய பாடம், தேர்வு, பட்டமளிப்பு ஒத்திகை எதுவும் கிடையாது, வராத பிள்ளைக்கு மதிப்பெண் இழப்பு கிடையாது. இதை எழுத்தில் வாங்குங்கள். ஒரு நாள் விடுமுறையைவிட இது அதிகம் பேருக்கு உதவும்.

ஆறாம் படி: புயலுக்கும் பனிக்கும்

170 நாளை 450-ஆல் பெருக்கினால் 76,500. சட்டம் கேட்பதைவிட 900 நிமிடம் அதிகம், சரியாக இரண்டு நாள். 2021 பிப்ரவரிப் பனிப்புயலில் டெக்சஸின் பல மாவட்டங்கள் ஏறக்குறைய ஒரு வாரம் மூடிக் கிடந்தன. அப்படிப்பட்ட பேரிடருக்கு மாநிலம் விலக்கு தரும். சாதாரணமான மூன்றாவது நாளுக்குத் தராமல் போகலாம். எனவே ஈடுசெய்யும் நாட்களைக் காலண்டரிலேயே பெயரிட்டு வையுங்கள்: முதலில் பிப்ரவரி 18, அடுத்து ஏப்ரல் 17. விமான டிக்கெட் எடுத்த பிறகு சொன்னால் யாரும் வரமாட்டார்கள்.

வீட்டிலிருந்தே ஆன்லைன் வகுப்பு என்பது எளிதான மாற்று போலத் தெரியும். 2024 பிப்ரவரி 13 பனி நாளில் நியூயார்க் நகரம் அதைச் செய்தபோது, ஏராளமானோர் ஒரே நேரத்தில் நுழைய முயன்று உள்ளே போகவே முடியாமல் தவித்தார்கள். தொடக்கப் பள்ளிக்கு நான் இதைப் பரிந்துரைக்கமாட்டேன்.

ஏழாம் படி: பக்கத்து வீட்டாரையும் பாருங்கள்

உங்கள் ஆசிரியர்களில் பலர் பக்கத்து மாவட்டத்தில் குடியிருப்பார்கள். அவர்கள் பிள்ளைகளின் ஸ்பிரிங் பிரேக் வேறு வாரத்தில் வந்தால் அந்த வாரம் லீவு குவியும். பிள்ளைகள் கல்லூரிப் பாடம் எடுக்கும் கம்யூனிட்டி காலேஜின் காலண்டரையும் பாருங்கள். பென்சில்வேனியா போன்ற மாநிலங்களில் தனியார் பள்ளிப் பிள்ளைகளுக்கும் மாவட்டமே பேருந்து ஓட்ட வேண்டும், உங்கள் பள்ளி மூடினாலும் பேருந்து ஓடும். நியூயார்க் மாநிலத்தில் போசிஸ் என்ற வட்டார அமைப்பு பல மாவட்டங்களுக்கும் சேர்த்து ஒரு பொதுக் காலண்டரைப் போடுவதால் இந்தச் சிக்கல் குறைகிறது.

எட்டாம் படி: கருத்துக் கேட்பு, ஓட்டு, அதன் பிறகு

இரண்டு வரைவுகள் போதும். மூன்று கொடுத்தால் ஓட்டு சிதறும். இரண்டுக்கும் நடுவே உண்மையான வித்தியாசம் இருக்க வேண்டும்: ஒன்றில் மே 19-ல் முடிவு, இன்னொன்றில் மே 25-ல் முடிவும் அக்டோபரில் ஒரு வார இடைவேளையும் என்பது போல. ஆன்லைன் கருத்துக்கணிப்பை நிரப்புபவர்கள் கம்ப்யூட்டரும் நேரமும் உள்ளவர்கள். ஸ்பானிஷிலும் ஊரில் பேசும் மற்ற மொழிகளிலும் அனுப்புங்கள், பள்ளி வாசலில் தாளாகவும் கொடுங்கள். எந்தப் பள்ளியிலிருந்து எத்தனை பதில் வந்தது என்று பிரித்துப் பாருங்கள். வசதியான இரண்டு பள்ளிகளிலிருந்தே பாதிப் பதில் வந்திருந்தால் அந்த முடிவை மாவட்டத்தின் குரலாக எடுத்துக்கொள்ளக்கூடாது.

போர்டு ஓட்டுப் போட்ட மறுநாளே காலண்டரை போனில் சேர்த்துக்கொள்ளும் வடிவிலும், குளிர்பதனப் பெட்டியில் ஒட்டும் ஒரு பக்கத் தாளாகவும் வெளியிடுங்கள். சம்பளப் பிரிவுக்கு 187 நாள் பட்டியல், பேருந்துப் பிரிவுக்குச் சீக்கிரம் விடும் நாட்கள், சமையலறைக்கு உணவு இல்லாத நாட்கள் என்று தனித்தனியாகக் கொடுக்க வேண்டும். கோடையில் உணவுக்குச் சிரமப்படும் குடும்பங்களுக்கு, கோடைக்கால உணவு மையங்கள் திறக்கும் தேதியை அதே தாளில் அச்சிடுங்கள். மே 19-ல் பள்ளி மூடி ஜூன் முதல் வாரத்தில்தான் மையம் திறக்கும் என்றால், நடுவில் இருக்கும் அந்த இரண்டு வாரத்துக்கு யார் பொறுப்பு என்பதை ஒப்புதலுக்கு முன்பே போர்டிடம் கேட்டுப் பதில் வாங்கிவிடுங்கள்.